அப்பா பார்க்க வந்த ஆட்டம்

நான்காவது இன்னிங்ஸுக்காக நான் என் இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, மைதானத்துக்கு வெளியே சைக்கிள் பாதையோரம் எங்கள் வீட்டு நீலக் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு அப்பா இறங்கினார். டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலைக்குப் போடுகிற மஞ்சள் மேற்சட்டை இன்னும் அவர் உடம்பில் இருந்தது. வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஈரப் புல்லை மிதித்து வந்து, எனக்கு நேர் பின்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூட நாட்களிலிருந்து நான் ஆடும் விளையாட்டு பேஸ்போல். அதுவரை ஓர் ஆட்டத்துக்குக்கூட அப்பா வந்ததில்லை. சனிக்கிழமை என்றால் அவருக்கு வேலை, ஞாயிறு என்றால் தேவாலயத்தில் பூசை. "உன்ர பொல்லுப் பந்து" என்றுதான் சொல்லுவார். அப்படிப்பட்டவர் வந்து நிற்கிறார்.

நான் கையுறையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். பத்து வயதுப் பையனைப் போல. பக்கத்தில் நின்ற சக ஆட்டக்காரன் திரும்பிப் பார்த்து, யார் அது என்று கேட்டான். "என் அப்பா" என்றேன். அந்த இரண்டு சொல்லையும் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அவர் ஏன் வந்தார் என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

யாருக்கும் தெரியாத நட்சத்திரம்

இந்தத் தொடரை வாசிக்கும் ஓர் அன்பர் கேட்டிருந்தார்: "நீங்கள் நட்சத்திரம் ஆன நாள் எது?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜெர்மனியில் பேஸ்போல் நட்சத்திரம் என்பவனை அவன் தெருப் பேக்கரியில் பாண் விற்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியாது. இங்கே கால்பந்துதான் எல்லாம். மிச்சம் இருக்கிற மூலை முடுக்கில், கால்பந்துக்காரர் வேண்டாம் என்று விட்ட புல்வெளிகளில், நாங்கள் ஆடினோம்.

எங்கள் ஆட்களுக்கு நான் கிரிக்கெட்டை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். எல்லைக்கோட்டருகே தனியாக ஒருவர் நிற்பார் அல்லவா, உயர வரும் பந்தை ஓடிப் பிடிக்க? அவர்தான் அவுட்ஃபீல்டர். அந்த வெளியில் மூன்று பேர் நிற்பார்கள். நான் நடுவில் நிற்பவன். பெரும்பாலான நேரம் ஒன்றும் நடக்காது. நடக்கும்போது ஓடவேண்டும், பந்து மட்டையில் படும் சத்தத்திலேயே அது எங்கே விழும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

என்னை இதில் சேர்த்துவிட்டவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். எனக்கு ஓட்டம் நன்றாக இருந்தது, உயரம் இல்லை. கால்பந்து அணியில் எடுக்கவில்லை. நான்காம் பிரிவு அணியில் முயல்கள் குழி தோண்டிய மைதானத்தில் ஆடினேன். பிறகு மூன்றாம் பிரிவு. எறிகை பலவீனம் என்று அங்கே இரண்டு பருவம் ஆடவிடாமல் வாங்கில் இருத்தினார்கள். வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் பந்தை எறிந்து பழகினேன். சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார். அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டே இரண்டாம் பிரிவுக்கு வந்தேன். பகலில் சுவர் துளைத்து வயர் இழுப்பேன், பின்னேரம் பயிற்சி. வெளியூர் மைதானங்கள் சிலவற்றில் என் நிறத்தைச் சொல்லிக் கத்துவார்கள். குரங்குச் சத்தம் போடுவார்கள். வெளியில் தனியாக நிற்பவனுக்கு அது நன்றாகக் கேட்கும். எங்கள் பயிற்சியாளர் பிரென்னர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ திரும்பிப் பார்க்காதவரைக்கும் அவர்களுக்கு நீ பந்தைப் பிடிப்பதைத்தான் பார்க்க வேண்டிவரும்" என்றார். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அதே பிரென்னர் முதல் பிரிவு அணிக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ரெஜினா அக்கா

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ரெஜினா அக்கா. அவருக்குப் பத்து வருடம் பின்னால் நான்.

அப்பா முதலில் மன்னாரிலிருந்து தனியாக ஜெர்மனிக்கு வந்தார். அகதி வழக்கு இழுபட்டு, வதிவிட அனுமதி கிடைத்து, எங்களைக் கூப்பிட வழி வந்தபோது அக்காவுக்கு வயது கூடிவிட்டது. பிள்ளை என்ற கணக்கில் அவரைச் சேர்க்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் நானும் விமானம் ஏறினோம். அக்கா பெரியம்மா வீட்டில் நின்றுவிட்டார்.

"ஒரு வருஷம்தான் பிள்ளை, எப்படியும் கூப்பிடுவம்" என்று அம்மா விமான நிலையத்தில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா அழவில்லை. என் சப்பாத்து நாடாவை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டார்.

அக்கா பிறகு வன்னியில் கல்யாணம் செய்தார். அத்தான் பெனடிக்ற், பள்ளிக்கூட வாத்தியார். ஒரு பெண் குழந்தை. சமாதானம் என்று சொன்ன காலத்தில் தொலைபேசி ஒழுங்காக வந்தது. ஒருமுறை அம்மா கதைத்து முடித்து என்னிடம் தந்தார்.

"டேய், நீ ஏதோ விளையாடுறியாம். அதென்ன விளையாட்டு?"

"கிரிக்கெட் மாதிரித்தான் அக்கா. நான் தூரத்தில நிண்டு, வாற பந்தை ஓடிப் பிடிக்கிறது."

"ஓடிப் பிடிக்கிறதுக்கு அங்க காசு குடுக்கிறாங்களோ?"

"இன்னும் இல்லை. இனித்தான்."

"அப்ப நல்லா ஓடு" என்று சிரித்தார். பின்னால் ஏதோ ஒரு வானொலியும், குழந்தை சிணுங்குவதும் கேட்டது.

அந்த வசந்தம்

சமாதானம் முறிந்தது. போரின் கடைசி வருடத்தில், தை மாதத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரேயொரு அழைப்பு வந்தது. இரைச்சலுக்குள், "இப்ப கதைக்க ஏலாது. இடம் மாறுறம். பிறகு எடுக்கிறன்" என்றார். பிறகு எடுக்கவில்லை.

எங்கள் வீடு தொலைபேசியைச் சுற்றியே இருந்தது. அம்மா குளிக்கப் போனாலும் அதைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் போவார். தமிழ்த் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் கிழிந்த தறப்பாள் கூடாரங்களும் மணலும் வரும்போது, அந்தக் கூட்டத்துக்குள் அக்காவின் முகம் தெரிகிறதா என்று அம்மா எழுந்து போய்த் திரைக்கு மிகக் கிட்ட நின்று பார்ப்பார்.

அப்பா வேலை இல்லாத நாட்களில் போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலங்களுக்குப் போனார். படம் ஒட்டிய தடி பிடித்துத் தெருவில் உட்கார்ந்திருந்தார். சில நாட்கள் நானும் போனேன். ஆட்டம் இருந்த நாட்களில் போகவில்லை. கோயிலில் ஒரு பெண் அம்மாவிடம் கேட்டார்: "உங்கட மகன் இன்னும் விளையாடப் போறாரோ?" அம்மா, "ஓம், போறான்" என்று மட்டும் சொன்னார்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வசந்தத்தில்தான் நான் என் வாழ்க்கையில் மிக நன்றாக ஆடினேன்.

காரணம் எளிது. மைதானத்தில் தொலைபேசி இல்லை. என் கைத்தொலைபேசி உடைமாற்றும் அறையில் பைக்குள் கிடக்கும். புல், பந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது, இவ்வளவுதான் அங்கே. உள்ளே போனதும் மூச்சு விடமுடிந்தது. எறிந்த பந்தெல்லாம் சரியாகப் போனது. அடித்த பந்தெல்லாம் ஆட்களுக்கு நடுவில் விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. தேசிய அணிக்கு என் பெயர் பேசப்படுகிறது என்றார்கள். பிறகு ஒரு புதன்கிழமைப் பயிற்சியில் பிரென்னர் சொன்னார்: வருகிற சனிக்கிழமை அமெரிக்கக் கழகம் ஒன்றின் ஆள் வருகிறார், உன்னைப் பார்க்க.

அமெரிக்காவில் அவர்கள் முதலில் கீழ் அணிகளில்தான் சேர்ப்பார்கள். நீண்ட ஏணி அது. ஆனால் ஜெர்மனியிலிருந்து அந்த ஏணியின் முதற்படியில் கால் வைத்தவர்களே மிகச் சிலர். நான் வீட்டில் சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். "எங்க, எத்தினை மணிக்கு?" என்று அப்பா கேட்டார். கேட்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

"இது எப்ப முடியும்?"

அந்தச் சனிக்கிழமைதான் நீலக் கார் வந்து நின்றது.

ஐந்தாவது இன்னிங்ஸில் பந்து எறிபவரை மாற்றும் இடைவெளியில் நான் வேலியருகே போனேன்.

"அப்பா, அங்கால இருக்கிறதுக்கு இடம் இருக்கு. போய் இருங்கோ."

"நான் நிக்கிறன். நீ விளையாடு."

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம், ஓம்."

அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. காலை வேலைக்கு எழுந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

ஏழாவதில் அவரே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது எப்ப முடியும்?"

"இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் அப்பா."

"எத்தினை மணிக்கு?"

"மணிக் கணக்கு இல்லை. ஒன்பது முடிஞ்சால் சரி."

அவருக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் நாயோடு நின்ற ஜெர்மன் கிழவரிடம் தன் உடைந்த ஜெர்மனில் அதையே கேட்பதும், கிழவர் தோளைக் குலுக்கிச் சிரிப்பதும் எனக்குத் தெரிந்தது.

ஒன்பதாவது முடிந்தபோது இரண்டு அணியும் சமன். நான் மறுபடி வெளிக்கு ஓடிவந்தேன்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை அப்பா, சமன். ஒரு ஆள் வெல்லும்வரைக்கும் விளையாடவேணும்."

அப்பா வேலிக் கம்பியில் நெற்றியை வைத்தார். என் ஆட்டத்துக்காகத்தான் இவ்வளவு தவிக்கிறார் என்று நான் நினைத்தேன். அந்த எண்ணம் எனக்குக் காலில் சிறகு கட்டியதுபோல் இருந்தது.

பதினோராவது இன்னிங்ஸ். எதிரணிக்காரர் இருவர் தளங்களில் ஓட்டத்துக்குத் தயாராக நிற்கிறார்கள். அடித்தவன் பருமனான ஆள். சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது வேலிக்கு மேலால் போகிற பந்து என்று. திரும்பி ஓடினேன். புல் முடிந்து சரளைக்கல் காலுக்கடியில் நெரிந்தது. வேலியில் ஒரு காலை ஊன்றி எழும்பி, கையை அந்தப் பக்கம் நீட்டினேன். பந்து கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது. நான் விழுந்தேன். வாயெல்லாம் மண். கையைத் தூக்கிப் பந்தைக் காட்டினேன்.

அடுத்த பாதி எங்கள் முறை; நான் அடித்த பந்து வலது மூலைக்கு உருண்டது. இரண்டாம் தளத்தில் நின்றேன். பின்னால் வந்தவன் அடித்ததில் ஓடி வந்து, 'வீடு' என்கிற கடைசித் தளத்தைத் தொட்டேன். வென்றோம். பையன்கள் என் மேல் விழுந்தார்கள். யாரோ தண்ணீர் வாளியைத் தலையில் கவிழ்த்தார்கள்.

நட்சத்திரம் ஆன நாள் எது என்று கேட்ட அன்பருக்கு: அந்த நாள்தான்.

சொன்னது

ஈரத்தோடு வேலியருகே ஓடினேன். அப்பா சிறு வாசலால் உள்ளே வந்திருந்தார்.

"பாத்தீங்களோ அப்பா?"

"அக்கா போயிட்டா தம்பி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே என்று கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"கஞ்சிக்கு வரிசையில நிண்டவவாம். ஷெல் விழுந்ததாம். பெனடிக்றும் பிள்ளையும் வவுனியா முகாமுக்கு வந்திட்டினம். அவர்தான் யாற்றையோ ஃபோனில அம்மாவுக்கு எடுத்துச் சொன்னவர்."

"எப்ப?"

"காலமை. அம்மா என்ர வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்தவ. உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி."

அப்போதுதான் அவர் மேற்சட்டையைச் சரியாகப் பார்த்தேன். வேலை முடிந்து வந்தவர் அல்ல. பாதி வேலையில் விட்டுவிட்டு வந்தவர்.

"ஏன் அப்பா சொல்லேல்லை? வந்தவுடன சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தனான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ கை காட்டினாய். அப்ப ஏலாமப் போச்சுது. பிறகு, முடியட்டும் முடியட்டும் எண்டு பாத்தன். அது முடியேல்லை."

அந்த நேரத்தில்தான் பிரென்னர் அமெரிக்கக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைத் தொப்பி வைத்த மெலிந்த மனிதர். கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன். அப்பாவிடமும் நீட்டினார், அப்பாவும் குலுக்கினார். "உங்கள் மகனைப் பற்றிப் பெருமைப்படலாம்" என்று சொன்னாராம். பிரென்னர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கேட்டதெல்லாம் பையன்களின் பாட்டுச் சத்தம் மட்டும்.

அப்பாவின் காரில் வீட்டுக்கு வந்தோம். அம்மா கதவைத் திறந்தார். காலையிலிருந்து அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். கோயிலுக்கும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்கும் சொல்லவில்லை. நாங்கள் வந்த பிறகுதான் அழவேண்டும் என்று இருந்தவர்போல் இருந்தார். என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

"எங்க நிண்டனீங்கள்?"

"விளையாட்டு முடியேல்லை" என்றார் அப்பா.

அம்மா என் மண் படிந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர்கள்

உடல் இல்லாமல் பூசை வைத்தோம். சில நாட்களில் போர் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்குள் அமெரிக்க ஒப்பந்தமும் வந்துவிட்டது. அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் அக்காவைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு, கொஞ்சம் தயங்கி, அமெரிக்காவைப் பற்றிக் கேட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த பின்னேரம், அப்பாவோடு வேலை செய்யும் மரியநாயகம் அண்ணை வந்திருந்தார். நல்ல மனிதர். வீட்டின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். "என்ன அந்தோனி, பெடியன் அண்டைக்குப் பாய்ஞ்சு பிடிச்சவனாமே" என்று அப்பாவிடம் தொடங்கினார்.

அப்பா முதலில் தலையை ஆட்டினார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் அடிச்ச அடியில நான் போச்சுது எண்டுதான் நினைச்சன். இவன் திரும்பிப் பாக்கேல்லை அண்ணை. பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஓடிவாறான். எனக்கு நேர. கம்பியில காலை வைச்சு ஒரு எழும்பு. கை என்ர தலைக்கு மேலால வருது. பந்து உள்ளுக்க. விழுந்தும் விடேல்லை."

கையை உயர்த்தி, கையுறை வந்த இடத்தைக் காட்டினார். பல கிழமைகளுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

அம்மா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அப்ப நீங்கள் விளையாட்டுப் பாத்திருக்கிறீங்கள்" என்றார்.

"நான் நினைச்சன், நீங்கள் அங்க சொல்ல ஏலாம நிண்டனீங்கள் எண்டு. பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள்."

"இஞ்சேர்..." என்றார் அப்பா.

"கை தட்டினீங்களோ?"

மரியநாயகம் அண்ணை தரையைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் மண்ணுக்குள் முகம் புதைந்து கிடந்தவன். எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே வேறு சாட்சி இல்லை.

"ஓம்" என்றார் அப்பா. "தட்டினன்."

அம்மா தட்டை மேசையில் வைத்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தார். அப்பாவுக்கும் கொடுத்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சாப்பாடு பற்றிப் பேசினார்கள், மருந்து பற்றிப் பேசினார்கள், முகாமிலிருந்த பேத்தியைப் பற்றிப் பேசினார்கள். வேறொன்றும் பேசி நான் கேட்டதில்லை.

நான் அமெரிக்காவுக்குப் போனேன். பேருந்துகளிலும் மலிவு விடுதிகளிலும் சில பருவங்கள் ஏணியில் ஏறினேன். பாதியில் தோள்பட்டை உடைந்து திரும்பி வந்தேன். தேசிய அணியில் ஆடினேன். என் பெயர் போட்ட சட்டையோடு பிள்ளைகள் வேலியோரம் காத்திருந்தார்கள். இங்கே ஒருவன் எவ்வளவு உயரம் போகமுடியுமோ அவ்வளவு போனேன்.

அம்மா ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. அப்பா இங்கே நடந்த ஒன்றையும் விடவில்லை. கதிரை கொடுத்தாலும் உட்காரமாட்டார். வேலிக்கு வெளியே, எனக்குப் பின்னால் வந்து நிற்பார். நான் எப்பேர்ப்பட்ட பந்தைப் பிடித்தாலும், அரங்கமே எழுந்து நின்றாலும், அவர் இரண்டு கைகளும் மேற்சட்டைப் பைகளுக்குள்ளேயே இருந்தன.